கையெழுத்துப் போடத் தெரியாத துணை மார்ஷல்: பாஸ் ரீவ்ஸுக்கு மஸ்கோகி ஏன் மரியாதை செய்கிறது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மஸ்கோகி என்றொரு ஊர். ஆர்கன்சா, வெர்டிக்ரிஸ், கிராண்ட் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆறுகளின் நினைவாகப் பெயர் வைத்த த்ரீ ரிவர்ஸ் அருங்காட்சியகம் ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இயங்குகிறது. ஊர்க்கதை சொல்லும் அந்தச் சின்ன அருங்காட்சியகம் ஒருவரைத் தனியாக முன்னிறுத்துகிறது. அவர் பெயர் பாஸ் ரீவ்ஸ். அடிமையாகப் பிறந்து, குதிரை வளர்த்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் மத்திய அரசின் துணை மார்ஷலாக இருந்து, கடைசியில் இதே ஊரில் ரோந்துக் காவலராகத் தெருத்தெருவாக நடந்த கறுப்பினத்தவர்.

2023 ஜூலையில் ஃபோர்ட் ஸ்மித் நகரில் அமெரிக்க மார்ஷல்கள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரீவ்ஸைப் பற்றிய ஓடிடி தொடர் வெளியானது. அதற்குப் பிறகு அவர் பெயர் நாலா பக்கமும் பரவியது. பெயரோடு சேர்ந்து குழப்பங்களும் பரவின. 3,000 பேரைக் கைது செய்தாராமே, உண்மையா? லோன் ரேஞ்சர் என்ற புகழ்பெற்ற கதாநாயகன் இவர்தானாமே? அடிமை முறை ஒழிந்து பத்தே ஆண்டில் ஒரு கறுப்பரிடம் வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் எப்படி வந்தது? கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாக அவிழும். அதற்கு முதலில் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டத்தையும் சம்பளக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

## மார்ஷல், துணை மார்ஷல், ஷெரிஃப்

திரைப்படங்கள் இந்த மூன்று பேரையும் ஒரே தொப்பிக்குள் போட்டுவிட்டன. உண்மையில் மூன்றும் வெவ்வேறு பதவிகள்.

1. ஷெரிஃப் ஒரு மாவட்டத்து மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. மாநிலச் சட்டம்தான் அவருடைய எல்லை.

2. மார்ஷல் மத்திய அரசின் ஆள். 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தோடு பிறந்த பதவி இது. ஒவ்வொரு மத்திய நீதிமன்ற வட்டாரத்துக்கும் ஒரு மார்ஷலைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். அரசியல் செல்வாக்கு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பதவி.

3. துணை மார்ஷலை அந்த மார்ஷல் நியமிப்பார். வெயிலிலும் மழையிலும் குதிரையேறிப் போகிறவர் இவர்தான். சம்மன் கொடுப்பது, பிடிவாரண்டை நிறைவேற்றுவது, சாட்சிகளை அழைத்து வருவது, கைதிகளைப் பத்திரமாக நீதிமன்றத்தில் ஒப்படைப்பது எல்லாம் இவர் தலையில்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால் நீதிமன்ற அமீனாவின் வேலையும், பிடிவாரண்டோடு கிளம்பும் ஏட்டையாவின் வேலையும் ஒரே ஆளிடம். ரீவ்ஸ் ஒருநாளும் மார்ஷல் ஆகவில்லை. கடைசி வரை துணை மார்ஷல்தான். இணையப் பதிவுகள் பலவும் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுகின்றன.

## இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு நிலம்

இன்றைய ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதிக்கு அன்று 'இந்தியன் டெரிட்டரி' என்று பெயர். 1830இல் நிறைவேறிய இந்தியர் அகற்றல் சட்டத்தின்கீழ் செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து பூர்வகுடி நாடுகளைத் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட்டார்கள். கிரீக் மக்கள் தங்களை மஸ்கோகி என்று சொல்லிக்கொள்வார்கள். ஊரின் பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த நாடுகளுக்குச் சொந்தச் சட்டமன்றம், சொந்த நீதிமன்றம், 'லைட்ஹார்ஸ்' என்று அழைக்கப்பட்ட சொந்தக் குதிரைக் காவல் படை எல்லாம் உண்டு. ஆனால் அந்த நீதிமன்றங்களின் கை தங்கள் குடிமக்களை மட்டுமே எட்டும். டெக்சாஸிலோ மிசௌரியிலோ கொலை செய்துவிட்டு உள்ளே ஓடிவந்த வெள்ளையரைச் செரோக்கி நீதிபதி தொட முடியாது. மாநில ஷெரிஃபுக்கும் இங்கே வேலை இல்லை, ஏனென்றால் இது மாநிலமே இல்லை. இந்த இடைவெளி தெரிந்தவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்து குவிந்தார்கள்.

அவர்கள்மேல் அதிகாரம் உள்ள ஒரே இடம், எல்லைக்கு வெளியே ஆர்கன்சா மாநிலத்து ஃபோர்ட் ஸ்மித்தில் இருந்த மத்திய நீதிமன்றம். 1875இல் ஐசக் பார்க்கர் அங்கே நீதிபதியானார். 21 ஆண்டுகளில் அவர் முன் வந்த வழக்குகள் 13,490. மரண தண்டனை விதிக்கத்தக்கவை 344. தூக்குத் தண்டனை பெற்றவர்கள் 160 பேர். தூக்கிலிடப்பட்டவர்கள் 79 பேர். இதனால் அவருக்குத் 'தூக்கு நீதிபதி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கணக்கை நேராகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்: நூறு வழக்குகளில் தொண்ணூற்றேழு தூக்குக் கயிற்றுப் பக்கமே போகாதவை. சாராயம் கடத்தியது, குதிரை திருடியது, காட்டு மரம் வெட்டியது, அடிதடி. பூர்வகுடி நிலத்துக்குள் மது கொண்டுவருவது மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால் சாராய வழக்குகள் மலைபோலக் குவிந்தன. ரீவ்ஸ் கொண்டுவந்து நிறுத்தியவர்களிலும் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து மேற்கே சுமார் எண்பது மைல் போனால் மிசௌரி–கான்சஸ்–டெக்சாஸ் ரயில்பாதை குறுக்கே ஓடும். அதைத் துணை மார்ஷல்கள் 'சாவுக் கோடு' என்றார்கள். கோட்டைத் தாண்டி வந்தால் உயிரோடு திரும்பமாட்டாய் என்று மிரட்டி எழுதிய அட்டைகளைக் குற்றவாளிகள் மரங்களில் அறைந்து வைப்பார்களாம். அது வெறும் மிரட்டலும் இல்லை. பார்க்கர் காலத்தில் பணியில் கொல்லப்பட்ட துணை மார்ஷல்கள் அறுபதுக்கும் மேல்.

## அந்தக் கோட்டைத் தாண்ட ஒரு கறுப்பரை ஏன் தேடினார்கள்?

ரீவ்ஸ் 1838இல் ஆர்கன்சாவின் க்ராஃபோர்ட் கவுன்டியில் அடிமையாகப் பிறந்தார். எஜமானர் வில்லியம் ரீவ்ஸ்; அடிமைக்கும் அதே குடும்பப் பெயர். அந்தக் குடும்பம் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தபோது சிறுவனும் கூடவே போனான். பின்னாளில் மகன் ஜார்ஜ் ரீவ்ஸிடம் கைமாறினார். அந்த ஜார்ஜ் உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் கர்னல். பிறகு டெக்சாஸ் சட்டமன்றத்தின் சபாநாயகர்.

போர் நடந்துகொண்டிருந்தபோதே பாஸ் தப்பி ஓடி இந்தியன் டெரிட்டரிக்குள் நுழைந்தார். சீட்டாட்டத்தில் எஜமானரை அடித்துவிட்டு ஓடினார் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அடித்தாரோ இல்லையோ, ஓடியதும் கிரீக், செமினோல் மக்களிடையே வாழ்ந்ததும் அவர் பிற்கால வாழ்க்கைக்கு அடித்தளம். கிரீக் மொழி நன்றாகவே பேசுவார். எந்த ஓடை எங்கே வளைகிறது, எந்த வீட்டுக்காரர் யாருக்கு மாமன் மச்சான் என்பதெல்லாம் அத்துப்படி. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அவர் வான் ப்யூரன் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, விவசாயமும் குதிரை வளர்ப்புமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்தார்.

1875இல் மார்ஷல் ஜேம்ஸ் ஃபேகன் துணை மார்ஷல்களைத் தேடியபோது ரீவ்ஸ் கிடைத்தார். ஃபேகனும் தெற்குப் படையின் முன்னாள் தளபதி என்பது வரலாற்றின் குறும்பு. நியமனத்துக்குக் காரணம் பெருந்தன்மை என்று படித்தால் தப்பாகப் படிக்கிறோம். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை.

1. வெள்ளைத் துணை மார்ஷல்களைப் பூர்வகுடி மக்கள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ரீவ்ஸ் அவர்கள் மொழியிலேயே பேசுவார்.

2. டெரிட்டரியில் கறுப்பர்கள் கணிசமாக இருந்தார்கள். ஐந்து நாடுகளிலும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டு; போருக்குப் பின் 1866 ஒப்பந்தங்கள் அந்த அடிமைகளை விடுவித்தன. அவர்களிடையே துப்பு விசாரிக்க அவர்களில் ஒருவர் வேண்டும்.

3. நிலம் தெரிந்த, குதிரை தெரிந்த, சாவுக் கோட்டைத் தாண்ட ஒப்புக்கொள்ளும் ஆட்கள் குறைவு.

ஆறடி இரண்டு அங்குல உயரம், இரண்டு கைகளாலும் குறி தவறாமல் சுடுவார் என்பது இதற்கெல்லாம் மேலே வந்த கூடுதல் தகுதி.

## இரண்டு டாலர் உத்தியோகம்

காட்சிப் பலகைகள் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. என் கணிப்பில் ரீவ்ஸைப் புரிந்துகொள்ளும் சாவியே இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத் துணை மார்ஷலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலைக்கு ஏற்ற கூலி:

1. வாரண்டோடு தேடிப் போகும்போது மைலுக்கு 6 சென்ட்.

2. கைதியோடு திரும்பும்போது இருவருக்கும் சேர்த்து மைலுக்கு 10 சென்ட்.

3. கைது ஒன்றுக்கு 2 டாலர். சாராயக் கடத்தல்காரனுக்கும் அதே 2, கொலைகாரனுக்கும் அதே 2.

4. கைதியின் சாப்பாட்டுக்குத் தனிப் படி.

வந்த மொத்தத்தில் கால் பங்குக்குக் குறையாமல் மார்ஷல் எடுத்துக்கொள்வார். ஆள் சிக்காவிட்டால் தேடிப் போன தூரத்துக்குக் காசு இல்லை. குதிரை, துப்பாக்கி, தோட்டா எல்லாம் சொந்தச் செலவு.

ஒரு மனக்கணக்குப் போடுவோம். 200 மைல் தள்ளியிருக்கும் ஒருவனைப் பிடிக்க வேண்டும். போகும் வழிக்கு 12 டாலர், வரும் வழிக்கு 20, கைதுக்கு 2, ஆக 34. மார்ஷல் பங்கு போனால் 25 டாலர் சொச்சம். மூன்று நான்கு வாரம் வண்டி, சமையல்காரர், உதவிக்கு ஓர் ஆள் என்று செலவு வேறு. ஒருவனுக்காகக் கிளம்பினால் கையைக் கடிக்கும். அதனால் ரீவ்ஸ் ஒரு கட்டு வாரண்டோடு கிளம்பி, டெரிட்டரியைச் சுற்றி வளைத்து, பத்துப் பன்னிரண்டு பேரைச் சங்கிலியில் கோத்துக்கொண்டு திரும்புவார். மேற்கே ஃபோர்ட் ரெனோ, ஃபோர்ட் சில் வரை போய்வந்தால் 800 மைல் சுற்று. கூண்டு வண்டி ஒன்று மெதுவாகப் பின்னால் உருண்டு வரும். இரவில் கைதிகளை வண்டியின் அச்சோடு சங்கிலியால் பூட்டிவிட்டுப் படுப்பார்கள்.

இப்போது அந்த 3,000 கைதுகளைப் பாருங்கள். தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் பத்திரிகையாளர்களிடம் அவரே சொன்ன எண்ணிக்கை அது. 32 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குத் தொண்ணூற்று நான்கு, மாதத்துக்கு எட்டு. தனியாகத் துரத்தித் துரத்திப் பிடித்திருந்தால் நம்ப முடியாத எண். கூண்டு வண்டிக் கணக்கில் பார்த்தால் நடக்கக்கூடியதுதான். சொச்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

இன்னொன்றும் இதே கணக்கிலிருந்து வருகிறது. செத்தவனைக் கொண்டுவந்தால் கூலி கிடையாது. அடக்கச் செலவும் துணை மார்ஷல் தலையில் விழுந்துவிடக்கூடும். 14 பேரைச் சுட்டுக் கொன்றார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் எண். 3,000க்கு 14 என்றால் இருநூறு பேரில் ஒருவர்கூட இல்லை. சுடாமல் பிடிப்பதுதான் அந்த உத்தியோகத்தின் திறமை, சுட்டால் நட்டம்.

## குதிரை காட்டிக்கொடுக்கும்

ரீவ்ஸ் பெரிய உடம்புக்காரர். அதற்கேற்ப உயரமான, வலுவான குதிரைதான் வைத்திருந்தார். குதிரை விஷயத்தில் கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அன்றைய மாட்டு மேய்ப்பர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்களிடையே புழங்கும் மதிப்பீடு. டெக்சாஸ் பண்ணைகளில் மாட்டையும் குதிரையையும் பழக்கியவர்களில் பலர் அடிமைகள்தான். விடுதலைக்குப் பின் அதே வேலையைக் கூலிக்குச் செய்தார்கள். ரீவ்ஸும் அந்த மண்ணில் வளர்ந்தவர்.

ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் தெரிகிறது. நல்ல குதிரை தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சீமையில் பளபளக்கும் குதிரைமேல் வருகிறவன் ஒன்று பணக்காரன், இல்லையென்றால் சட்டத்தின் ஆள். ஆகவே வேவு பார்க்கப் போகும்போது நல்ல குதிரையை முகாமிலேயே விட்டுவிடுவார். நொண்டும் கிழட்டுக் குதிரைமேலோ கால்நடையாகவோ போவார்.

அவர் உயிரோடிருக்கும்போதே பிரபலமான ஒரு கதை உண்டு. டெக்சாஸ் எல்லை ஓரமாக இரண்டு அண்ணன் தம்பிகள் தாய் வீட்டில் பதுங்கியிருந்தார்கள். ரீவ்ஸ் 28 மைல் தள்ளி முகாம் போட்டுவிட்டு, தேய்ந்த பூட்ஸும் தோட்டாத் துளை விழுந்த தொப்பியுமாக நடந்தே போனார். கைவிலங்கு சட்டைக்குள். மார்ஷல்கள் துரத்துகிறார்கள், பசிக்கிறது என்று அந்த அம்மாவிடம் கெஞ்ச, அவளும் சோறு போட்டுத் திண்ணை கொடுத்தாள். ராத்திரி மகன்கள் வந்து சேர்ந்தார்கள். பேச்சோடு பேச்சாகக் கூட்டுக் கொள்ளைத் திட்டம்கூடப் போட்டாகிவிட்டது. எல்லோரும் ஒரே அறையில் படுத்தார்கள். விடிந்தபோது இருவர் கையிலும் விலங்கு. நடத்தியே கூட்டிப்போனார். தாய் மூன்று மைல் தூரம் திட்டிக்கொண்டே கூட வந்தாளாம்.

கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, இங்கேயும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

## எழுதாதவரைப் பற்றிய எழுத்து

ரீவ்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடிமைப் பிள்ளைக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்? கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். பக்கத்தில் குமாஸ்தா 'இவரது குறி' என்று எழுதிவைப்பார். கிளம்புமுன் ஒவ்வொரு வாரண்டையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, எந்தத் தாளில் யார் பெயர் என்று மனதில் பதித்துக்கொள்வார். தவறான ஆளிடம் தவறான தாளை நீட்டியதில்லை என்று அவரோடு பழகியவர்கள் சொன்னார்கள்.

இதனால் அருங்காட்சியகத்துக்கு ஒரு சங்கடம். அவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ கிடையாது. படங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கிடைப்பதெல்லாம் அடுத்தவர் எழுதிய காகிதங்கள்: நீதிமன்ற வழக்குக் கோப்புகள், பயணப்படிக் கணக்குச் சீட்டுகள், மூன்று வரிப் பத்திரிகைச் செய்திகள், பிறகு பேரன் பேத்திகளின் வாய்மொழி. ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின் குற்ற வழக்குக் கோப்புகள் இப்போது டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் உள்ளன. எத்தனை மைல், எத்தனை வேளைச் சாப்பாடு, எந்த ஊரில் எந்தக் கைதி என்ற சலிப்பூட்டும் கணக்குகள்தான் இந்த மனிதரைப் பற்றிய மிக உறுதியான சாட்சி. வீரக் கதைகளைவிட அந்தச் சீட்டுகளை நான் அதிகம் நம்புவேன்.

அந்தக் காகிதக் குவியலிலேயே தடிமனான ஒன்று அவர் மேலேயே போட்ட கொலை வழக்கு. 1884இல் முகாமில் அவருடைய சமையல்காரர் வில்லியம் லீச் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சிக்கிக்கொண்ட தோட்டாவை எடுக்கும்போது கைதவறி வெடித்துவிட்டது என்பது ரீவ்ஸின் வாக்குமூலம். சண்டை போட்டுச் சுட்டார் என்பது எதிர்த்தரப்பு. 1886இல் கைதாகி, தான் பிடித்த ஆட்களோடு அதே ஃபோர்ட் ஸ்மித் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தார். 1887இல் நடுவர் குழு குற்றமற்றவர் என்றது. விடுதலை கிடைத்தது, சேமிப்பு போனது; வழக்குச் செலவுக்காக வான் ப்யூரன் வீட்டை விற்றார்.

இந்த வழக்கை மறைக்கும் காட்சி புகழாரம். அதைப் பட்டயத்துக்குப் பக்கத்தில் வைக்கும் காட்சிதான் வரலாறு. இன்னொரு காரணமும் உண்டு: அவர் பேச்சு நேரடியாக வார்த்தைக்கு வார்த்தை பதிவான இடங்கள் சாட்சிக் கூண்டும் வாக்குமூலமும்தான்.

1902இல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாக: மகன் பென்னி தன் மனைவியைக் கொன்றார். வாரண்டை வேறு யாரும் எடுக்கத் தயங்க, தகப்பனே வாங்கிக்கொண்டு போய்ப் பிடித்துவந்தார். பென்னிக்கு ஆயுள் தண்டனை. லெவன்வொர்த் சிறைப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு பத்தாண்டு கழித்து விடுதலையானார்.

## மூன்று குழப்பங்கள்

1. "மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே முதல் கறுப்புத் துணை மார்ஷல்." நிரூபிக்க முடியாதது. முதலாமவர்களில் ஒருவர் என்பதே சரி. அவர் காலத்தில் யூஃபாலா ஊரின் கிரான்ட் ஜான்சன் உட்பட வேறு கறுப்புத் துணை மார்ஷல்களும் இருந்தார்கள். 'முதல்' என்ற பட்டத்தை ஒருவருக்குச் சூட்டினால் மற்றவர்கள் படத்திலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அதுதான் நஷ்டம்.

2. "லோன் ரேஞ்சர் இவரைப் பார்த்து எழுதியது." 1933இல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கிய நாடகம் அது. மாறுவேடம், பூர்வகுடித் துணையாள், நல்ல குதிரை என ஒற்றுமைகள் உண்டு. ஃபோர்ட் ஸ்மித் கைதிகள் பலரை டெட்ராய்ட் சிறைக்கு அனுப்பியதும் உண்மை. அவர்கள் வழியே கதை அங்கே போயிருக்கலாம் என்பது ஊகம். நாடகத்தை உருவாக்கியவர்கள் ரீவ்ஸைக் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

3. "மறக்கப்பட்டவர்." பாதி உண்மை. 1910இல் இறந்தபோது மஸ்கோகி பத்திரிகைகள் மரியாதையாகவே எழுதின. உள்ளூர்க் கறுப்புக் குடும்பங்கள் மறக்கவே இல்லை. மறந்தது பாடநூல்களும் திரைப்படங்களும். பொது அங்கீகாரம் மெதுவாகவே வந்தது: 1992இல் ஓக்லஹோமா நகரத்துத் தேசிய கௌபாய் அருங்காட்சியகத்தில் இடம், 2011இல் மஸ்கோகிக்கும் ஃபோர்ட் கிப்சனுக்கும் இடையே ஆர்கன்சா ஆற்றுப் பாலத்துக்குப் பெயர், 2012இல் ஃபோர்ட் ஸ்மித்தில் பீடத்தோடு சேர்த்து சுமார் 25 அடி உயரத்தில் குதிரை மேல் சிலை.

## 1907: அதிகாரம் போன ஆண்டு

1890களில் மத்திய நீதிமன்றங்கள் டெரிட்டரிக்குள்ளேயே வந்துவிட்டன. 1896இல் ஃபோர்ட் ஸ்மித்தின் அதிகாரம் முடிந்தது. அதே ஆண்டு பார்க்கரும் இறந்தார். ரீவ்ஸ் டெக்சாஸின் பாரிஸ் ஊர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மஸ்கோகிக்கு வந்தார்.

1907 நவம்பர் 16இல் ஓக்லஹோமா மாநிலமாயிற்று. அந்த ஆண்டு மஸ்கோகியில் எடுத்த மார்ஷல் அலுவலகக் குழுப் படம் ஒன்று உண்டு. முன்வரிசையின் ஓரத்தில் ரீவ்ஸ், கையில் ஊன்றுகோல், வெள்ளை மீசை, வயது 69. மாநிலம் பிறந்ததும் மத்தியத் துணை மார்ஷல்களின் வேலை பெரும்பாலும் மாநிலக் காவலுக்குப் போனது. புதிய சட்டமன்றம் நிறைவேற்றிய முதல் சட்டம் எதைப் பற்றி? சாலையா, பள்ளியா? இல்லை. ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி, நிலையத்தில் தனிக் காத்திருப்பு அறை. செனட் மசோதா எண் 1. மூன்றாண்டு கழித்து, வாக்காளர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வந்தது. தாத்தா காலத்திலேயே ஓட்டு இருந்த குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது வெள்ளையருக்கு விலக்கு. 1915இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

முப்பத்திரண்டு ஆண்டு வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடியினர் என்று பாராமல் விலங்கு மாட்டியவர், மஸ்கோகி நகரக் காவலில் ரோந்துக்காரராகச் சேர்ந்தார். உடம்பு இடம்கொடுத்தவரை ஏறத்தாழ ஈராண்டு நடந்தார். 1910 ஜனவரி 12இல் சிறுநீரக நோயால் இறந்தார். கல்லறை எங்கே என்று இன்று உறுதியாக யாருக்கும் தெரியாது.

## பழைய வரைபடம் திரும்பி வந்தது

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தவர்களை 2020 ஜூலை 9 உலுக்கியது. மெக்கர்ட் எதிர் ஓக்லஹோமா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது: கிரீக் நாட்டுக்கு ஒப்பந்தத்தில் தந்த நிலத்தை நாடாளுமன்றம் ஒருபோதும் கலைக்கவில்லை, குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை அது இன்றும் பூர்வகுடி ஒதுக்கு நிலமே. ஓக்லஹோமாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் மற்ற நான்கு நாடுகளுக்கும் இதை நீட்டித்தது. மாநிலத்தின் கிழக்குப் பாதி மறுபடி 'யார் வழக்கு யார் கையில்' என்ற கேள்விக்குள் விழுந்தது.

நடைமுறையில் இதன் பொருள்:

1. குற்றவாளி பூர்வகுடியினர் என்றால் பெரிய குற்றங்களை மத்திய அரசும் மற்றவற்றைப் பழங்குடி நீதிமன்றமும் விசாரிக்கும். பொதுவாக மாநிலத்துக்கு இடமில்லை.

2. இருதரப்பும் பூர்வகுடியினர் அல்லாதவர் என்றால் மாநிலம்.

3. குற்றவாளி வெளியாள், பாதிக்கப்பட்டவர் பூர்வகுடியினர் என்றால் மத்திய அரசு மட்டுமே என்றிருந்தது. 2022இல் இன்னொரு தீர்ப்பு மாநிலத்துக்கும் அதில் கை கொடுத்தது.

ரீவ்ஸ் ஒவ்வொரு வாரண்டோடும் சுமந்து திரிந்த கேள்வி இதுதான்: இவன் எந்த நாட்டுக் குடிமகன்? அது தெரியாமல் விலங்கு மாட்டினால் வழக்கு நிற்காது. இன்று மஸ்கோகிப் பக்கத்தில் ஒரு காரை நிறுத்தும் காவலர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதையேதான். அருங்காட்சியகத்தின் பழைய டெரிட்டரி வரைபடம் இப்போது வழக்கறிஞர்களின் மேசையிலும் கிடக்கிறது.

## அந்தக் கட்டடம்

த்ரீ ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர் காட்சிகளுக்கு முன்னால் சுவர்களைப் பார்க்கலாம். அது மிட்லண்ட் வேலி ரயில் கம்பெனி 1916இல் கட்டிய நிலையம். ரீவ்ஸ் இறந்து ஆறு ஆண்டுக்குப் பிறகு. செனட் மசோதா எண் 1 அப்போது நடைமுறையில் இருந்தது. அவர் உயிரோடிருந்து அந்த நிலையத்துக்கு ரயிலேற வந்திருந்தால், கறுப்பருக்கென்று ஒதுக்கிய அறையில்தான் உட்காரவேண்டியிருந்திருக்கும்.